பழனிக்கு நடக்கிற கால், தினமும் நடக்கட்டும்

அரியக்குடிக் கோயிலின் தல வரலாறு தளர்ந்துபோன கால்களைப் பற்றியது. சேவுகன் செட்டியார் என்ற பெருமாள் பக்தர் ஆண்டுதோறும் ஊராரின் காணிக்கையைச் சுமந்துகொண்டு திருப்பதிக்கு நடந்தே போய்வருவாராம். முதுமை வந்த பிறகும் விடவில்லை. ஒருமுறை மலையேறும்போது தள்ளாமையால் விழுந்துவிட்டார். இனி நீ வரவேண்டாம், நானே உன் ஊருக்கு வருகிறேன் என்று பெருமாள் சொன்னதாகவும், அப்படி வந்தவரே இங்கே நிற்கும் திருவேங்கடமுடையான் என்றும் ஊர் நம்புகிறது. இந்தத் தலத்தைத் தென் திருப்பதி என்று அழைப்பதும் அதனால்தான்.

காரைக்குடியை ஒட்டியே இருக்கிறது அரியக்குடி. இசை கேட்பவர்களுக்கு இது ராமானுஜ ஐயங்காரின் ஊர். இன்றைய கர்நாடகக் கச்சேரி எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர் அவர். பித்தளை வாங்குகிறவர்களுக்குக் குத்துவிளக்கின் ஊர். உடம்பைப் பற்றி யோசிக்கிற ஒருவருக்கோ, நடையில் பிறந்த ஒரு கோயில் இருக்கும் ஊர்.

இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்துக்கு நடை புதிதில்லை. தை பிறந்தால் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடிகள் பழனிக்குக் கிளம்பும். பதினேழாம் நூற்றாண்டில் பழனியில் உப்பு வணிகம் செய்த குமரப்பன் என்ற செட்டியாரைப் பற்றி ஓலைச்சுவடிகள் பேசுகின்றன; நகரத்தாருக்கும் பழனிக்குமான அந்தத் தொடர்பு இன்றும் அறுபடவில்லை. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று சாலையோரமாகவே நடந்து பழனியை எட்டுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். காவடி எடுத்தவர்கள் திரும்பும்போதும் நடந்தே வரும் வழக்கம் உண்டு. அறுபதைத் தாண்டிய ஆச்சிமார்கூட முன்னிரவிலும் விடியற்காலையிலும் விடாமல் நடப்பதைப் பார்த்தால், மனித உடம்பால் முடியாதது என்ன என்று தோன்றும்.

தைப்பூசம் முடிந்து ஊர் திரும்பியதும் அதே கால்களுக்கு நீண்ட ஓய்வு. பால் வாங்கப் பைக், கோயிலுக்கு ஆட்டோ, பக்கத்துத் தெரு விசேஷத்துக்குக் கார். வருஷத்தில் ஒரு வாரம் நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடந்தவர், மீதி ஐம்பத்தொரு வாரத்தில் நாளுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட நடப்பதில்லை. உடல்நலம் தேய்வது அந்த ஐம்பத்தொரு வாரத்தில்தான்.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வு 2015–16இல் எடுக்கப்பட்டபோது, இங்குள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேரும் ஆண்களில் 28.2 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். அடுத்த சுற்றில், அதாவது 2019–21இல், பெண்கள் 40.4, ஆண்கள் 37. ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய பத்துப் புள்ளி ஏறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் தெரிந்தது. அடுத்த ஆண்டு லான்செட் இதழ்க் குடும்பத்தில் வந்த கணக்கு இன்னும் நேரடியானது: இந்தியாவில் வயதுவந்தவர்களில் பாதிப்பேர் உடம்புக்குத் தேவையான அளவு அசைவதே இல்லை. பெண்களில் அது 57 சதவீதம்.

ஆனால் ஊரில் யாரையாவது பார்த்து எடையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும்.

“என்னண்ணே, இப்படி இளைச்சுட்டீக? உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லப்பா, டாக்டரு வெயிட்டக் குறைக்கச் சொன்னாரு.”

“அதுக்காக இப்படியா? முகமே வாடிப் போச்சு. நல்லாச் சாப்பிடுங்க.”

இந்தப் பேச்சில் அன்பு மட்டும்தான் இருக்கிறது. பஞ்சமும் காசமும் கண்ட தலைமுறைகளுக்கு இளைப்பு என்றால் நோய், சதைப்பிடிப்பு என்றால் சுகம். அந்த அளவுகோல் அன்று சரி. இன்று அதை வைத்துக்கொண்டு இருபுறமும் தவறுகிறோம்: குண்டானவரை நல்ல உடம்பு என்கிறோம், ஒல்லியானவருக்கு ஒன்றும் வராது என்கிறோம்.

ஒல்லியானவருக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கைதான் கூடுதல் ஆபத்து. 2004இல் லான்செட் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக்குறியீடான பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. அந்தக் குறியீடு இருவரையும் சமம் என்றே சொல்லும். உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இரண்டு மடங்குக்கும் மேல். கை கால் மெலிந்திருக்க, தசை குறைந்து வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்மில் பலருக்கு. சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது; கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தெரியும்.

அதனால்தான் இந்தியர்களுக்கான எல்லைக்கோடு 2009இல் தனியாக வகுக்கப்பட்டது. உலக அளவில் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்றால் நமக்கு 23லேயே எச்சரிக்கை, 25லேயே உடல்பருமன். ஐந்தரை அடி உயரமுள்ளவர் 65 கிலோவைத் தொட்டாலே யோசிக்க வேண்டும், 70ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும் என்று பொருள். அதைவிட எளிய அளவு ஒன்று உண்டு, இடுப்புச் சுற்றளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போகக் கூடாது.

அளக்க வேண்டியது தையற்கடை டேப்பில்தான், பேன்ட் கட்டும் இடத்தில் இல்லை. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதால், 34 அங்குல பேன்ட் போடுகிறேன் என்று நிம்மதியாக இருப்பார்கள். சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு, அந்த நொடியில் படிக்க வேண்டும். டேப் தோலை அழுத்தவும் கூடாது, தொங்கவும் கூடாது. மாதம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில். அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்தால் போதும். தினமும் எடை மெஷினில் ஏறி, நேற்றைய உப்புக்கும் தண்ணீருக்கும் ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்துக் கலங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இடுப்பளவு என்றதும் லண்டன் பேருந்துகள் நினைவுக்கு வருகின்றன. இரட்டை மாடிப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், வேலைநாளுக்கு 600 படி அளவில். ஜெரிமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்திருந்தது. வந்தவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கு வந்த அளவு கடுமையாக இல்லை. ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஒத்த சம்பளம். படி மட்டும்தான் வேறு. மோரிஸ் அதோடு நிற்கவில்லை. ஓட்டுநர் வேலைக்கு வருகிறவர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று தன் முடிவையே சந்தேகப்பட்டு, சீருடைக் கணக்கைத் தேடிப் போனார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. 1956இல் அதையும் வெளியிட்டார். இடுப்பளவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் நடத்துநர்களின் அனுகூலம் நீங்கவில்லை. உடம்பின் பருமன் ஒரு கணக்கு, உடம்பின் அசைவு வேறொரு கணக்கு என்பதை மருத்துவ உலகம் தெளிவாகப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

அதே உண்மை நமக்குப் பக்கத்திலேயே, சென்னையில் நிரூபிக்கப்பட்டது. அது தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் ஆசை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு, உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் தினமும் குறைந்தது அரைமணி நேரம் விறுவிறுவென நடக்க வேண்டும், சோற்றையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், சர்க்கரையை விட வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரையும், அதை விடாமல் நினைவூட்டும் தொடர்பும். முடிவுகள் 2006இல் வந்தன. மூன்றாண்டுக் கணக்கில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டைத் திருத்தியவர்களில் அது 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். மாத்திரையையும் நடையையும் சேர்த்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நடந்தவர்களுக்குக் குறிப்பிடும்படி எடை குறையவில்லை. நோய் மட்டும் குறைந்தது.

இது எப்படி நடக்கும்? சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும்போது அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியம் நம் தசைதான், அதிலும் தொடையும் பின்புறமும். சும்மா இருக்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் திறக்கும். சுருங்கி விரிந்து வேலை செய்கிற தசையோ இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் சில மணி நேரம் அந்த இழுப்பு இருக்கும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நாளில் ஏதோ ஒரு நேரம் அரைமணி நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். இரவுச் சாப்பாடு பெரிதாகவும் அதன் பின் அசைவே இல்லாமலும் இருக்கிற நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காராமல், வாசலுக்கும் தெருமுனைக்கும் நாலு தடவை போய்வந்தால் வேலை முடிந்தது.

எடை குறைப்பது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிக எடை உள்ளவருக்கு அது குறைந்தால் முழங்காலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உடனே தெரியும். பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வில், 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் மாத்திரை இல்லாமலே அடங்கியது. ஆனால் நடையால் மட்டும் எடை குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் இரண்டே மாதத்தில் சோர்ந்து நடையையே விட்டுவிடுகிறார்கள். 65 கிலோ உள்ளவர் அரைமணி விறுவிறுவென நடந்தால் செலவாவது சுமார் 140 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது 120. எடை குறைவது பெரும்பாலும் தட்டில். நோய் தள்ளிப்போவது காலில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் எதையும் பாதியில் விட வேண்டியிருக்காது.

தட்டு என்றால் செட்டிநாட்டில் பலகாரத்தைப் பேசாமல் முடியாது. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி ஒரு ஆழாக்கு அளந்து, அதே ஆழாக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். குவியல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. ஊறவைத்து, வெண்ணெய் போல ஆட்டி, சின்னக் கரண்டியால் மொண்டு காய்ந்த எண்ணெயில் நடுவாக ஊற்ற, ஒவ்வொன்றாக எழும்பி வரும். நடுவில் மென்மையாக, நிறம் மாறாமல் எடுப்பதில்தான் கைப்பக்குவம். கந்தரப்பம், சீயம், அதிரசம், மனகோலம், தேன்குழல், மாவுருண்டை என்று வரிசை நீளும். கவுனி அரிசி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது; தவிடு நீங்காத நல்ல அரிசி. ஆனால் அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறிவிட்டு, கறுப்பரிசி உடம்புக்கு நல்லது என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் அரிசியின் நன்மை அங்கே நிற்காது.

இந்தப் பலகாரங்களை விடச் சொல்கிற கட்டுரை இல்லை இது. இவ்வளவு நுட்பமான ஒரு சமையல் மரபைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. இவை எல்லாம் திருமணத்துக்கும் படைப்புக்கும் பண்டிகைக்கும் என்று நாள் பார்த்துச் செய்யப்பட்டவை. இன்று காரைக்குடிக் கடைகளில் வருஷம் முழுக்கப் பாக்கெட்டில் கிடைக்கின்றன. நாலு மணிக்கு டீயோடு இரண்டு, டிவி பார்க்கும்போது நாலு. விசேஷத்தில் இருந்த பலகாரம் வேளையாக மாறியதுதான் சிக்கல். அதேபோல், சென்னையிலும் சிங்கப்பூரிலும் ‘செட்டிநாடு’ என்று பலகை வைத்த ஓட்டல்களில் எண்ணெய் மிதக்கும் மசாலாவைச் சாப்பிட்டவர்களுக்கு, இந்த ஊர் வீட்டுச் சமையலில் எவ்வளவு காய் இருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. அரிசி களைந்த நீரில் வேகும் வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய் கோசமல்லி, கீரை மசியல், கூட்டு, தண்ணிக் குழம்பு என்று ஒரு மதியச் சாப்பாட்டிலேயே மூன்று நான்கு காய் வந்துவிடும். இடியாப்பமும் கொழுக்கட்டையும் ஆவியில் வேகிறவை. எடை குறைக்க விரும்புகிற செட்டிநாட்டுக் குடும்பத்துக்கு வெளிநாட்டு டயட் அட்டவணை வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி மண்டியை இரட்டிப்பாக்கினால் போதும்.

சோற்றைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மூன்று வேளை டீ காபியிலேயே அது தீர்ந்துவிடும். காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பணியாரம், இரவில் தோசை என்றால் நாலு வேளையும் அரிசிதான். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் இவற்றுக்குத் தட்டில் இடம் வேண்டுமென்றால் அரிசி கொஞ்சம் நகர்ந்துதான் கொடுக்க வேண்டும். உப்புக்கும் இதே நிலை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. குழம்பில் போட்டதோடு நின்றால் சமாளித்துவிடலாம்; வற்றல், அப்பளம், ஊறுகாய், கருவாடு சேரும்போது கணக்கு எகிறுகிறது.

முந்தின தலைமுறை இதையெல்லாம் சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தது என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். சாப்பிட்டது, உண்மை. ஆனால் அந்த மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டியது யார்? மிளகாயை அம்மியில் அரைத்ததும், நெல்லை உரலில் குத்தியதும், ஊருணியிலிருந்து குடத்தை இடுப்பில் ஏற்றி வந்ததும் பெண்களின் உடம்புதான். முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது இன்றைய ஜிம்மில் எந்த மெஷினுக்கும் குறைந்த வேலையில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஆளுயரக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள், தோளும் முன்கையும் பதில் சொல்லும். சாப்பிட்டதும் பட்டாலையில் கீழே உட்கார்ந்துதான், எழுந்ததும் கையூன்றாமல்தான்.

அந்தக் கையூன்றாமல் எழுவதற்கு மதிப்பு உண்டு. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். 2012இல் வெளியான முடிவில், கையையும் முட்டியையும் ஊன்றித் தடுமாறி எழுந்தவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. தரையில் உட்காருவது ஆயுளைக் கூட்டும் மந்திரம் என்று இதற்குப் பொருளில்லை. தொடைத் தசையும் மூட்டும் சமநிலையும் எப்படி இருக்கின்றன என்று அது காட்டிக்கொடுக்கிறது. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையை வளர்க்க நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். நாற்காலியில் கைவைக்காமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து முறை, மாடிப்படியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. இவற்றை இரண்டு சுற்றுச் செய்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். அறுபதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது நடையைவிட அவசரம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர்களைப் பார்த்த வீடுகளுக்கு விளக்கம் தேவையில்லை.

புதிய ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. பசியை அடக்கி எடையைக் குறைப்பதில் இவை உண்மையிலேயே வலுவானவை. தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எடையோடு தசையும் கரையும். ஏற்கெனவே தசை குறைந்த நம் உடல்வாகுக்கு, புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் ஊசி மட்டும் போட்டுக்கொள்வது நல்லதில்லை.

நடக்கச் சொல்வது எளிது, எங்கே நடப்பது என்பதே பெண்கள் கேட்கும் முதல் கேள்வி. நடைபாதை இல்லாத சாலை, ஏழு மணிக்கு மேல் இருட்டு, நாய், உரசிப் போகும் லாரி. காலையில் சமையல், மாலையில் பிள்ளைகள். தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான், ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் அரியக்குடிப் பெண் பஸ் ஏறிப் போயா நடப்பார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடைக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். செட்டிநாட்டு ஊர்களில் அதற்கான இடம் தயாராகவே இருக்கிறது: ஊருணிக் கரை. மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டிய ஊருணியின் கரையைச் சுற்றி மண்ணைச் சமப்படுத்தி, நாலு விளக்குப் போட்டு, உட்கார இரண்டு கல் பலகை வைக்கப் பெரிய செலவாகாது. ஊராட்சியும் வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களும் மனம் வைத்தால் ஒரு கோடைக்குள் முடியும். அதுவரை கோயில் வீதி இருக்கிறது. இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து கிளம்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எத்தனை அடி நடக்க வேண்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். பத்தாயிரம் என்ற எண், 1965இல் ஜப்பானில் ஒரு அடிமானியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து பரவியது. சராசரி 72 வயதான 16,741 பெண்களை வைத்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே மிகக் குறைவாக நடந்தவர்களைவிடத் தெளிவான பலன் தெரிந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. வேகத்துக்கு அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கடைசியாக, அடுத்த தையில் பழனிக்கு நடக்க நினைத்திருப்பவர்களுக்கு. கார்த்திகையிலேயே தொடங்கிவிடுங்கள். முதல் வாரம் தினமும் இரண்டு கிலோமீட்டர், பிறகு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டராகக் கூட்டி, மார்கழி முடிவதற்குள் எட்டுப் பத்துக் கிலோமீட்டரை உடம்பு இயல்பாக ஏற்கும்படி செய்துகொள்ளுங்கள். திடீரென முதல் நாளே இருபது கிலோமீட்டர் நடப்பதால்தான் முட்டி வீக்கமும் குதிகால் வலியும்.

பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர்கள் கிளம்புமுன் பாதத்தைக் காட்டியே ஆக வேண்டும். நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. உணர்வு குறைந்த பாதம் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் சூட்டைச் சொல்லாது, முள் குத்தியதைச் சொல்லாது. காலையில் வந்த கொப்புளம் மாலையில் சாக்ஸில் ஈரமாகத் தெரியும்போதுதான் தெரியவரும், அதற்குள் தொற்று தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வளர்ந்த எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர்ச் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் விரதம் கெட்டுவிடாது. முருகன் சந்நிதிக்கு முன்னால் கழற்றினால் போதும். ஒவ்வொரு இரவும் தங்கும் மடத்தில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. யாத்திரை நாட்களில் அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது களைப்பில்லை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அந்தச் சர்க்கரைப் பொட்டலம் பின்னால் வரும் வேனில் இருந்தால் உதவாது, மடியிலேயே இருக்கட்டும். நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ ஏறினாலோ, அடுத்த மடம் வரை போய்ப் பார்ப்போம் என்று இழுக்காமல் அங்கேயே உட்கார்ந்து 108ஐக் கூப்பிடுங்கள். பழனியிலிருந்து திரும்பியதும் இரண்டு நாள் கால் ஓய்வெடுக்கட்டும். மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டு முடித்த கையோடு, பத்து நிமிடம் கோயில் வீதியில்.